ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்க முடியும்: சைக்கிள் பாதையா, கார் இல்லாத தெருவா?

பின்கேரியர் கேட்டது:

வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் 14 பேர் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறோம். யாரும் பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் இல்லை, வேலைக்கும் பள்ளிக்கும் கடைக்கும் தினமும் சைக்கிளில் போகிறவர்கள். என் மகளுக்கு 7 வயது. இத்தனை நாள் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்தவள் இப்போது தனி சைக்கிள் கேட்கிறாள். நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் பள்ளிக்குப் போகும் அந்த ஒன்றரை கிலோமீட்டரில் அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. வழியில் ஒரு குறுகலான தெரு, இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் பள்ளி. பெரிய சாலையில் சிக்னலுக்குக் காத்திருக்கப் பிடிக்காத கார்கள் எல்லாம் காலையில் அதற்குள் புகுந்து மறுமுனையில் வெளியேறுகின்றன. போன மாதம் ஒரு காரின் பக்கக் கண்ணாடி என் கையில் தட்டிவிட்டுப் போனது. விழவில்லை. ஆனால் மகள் பின்னால் இருந்தாள், அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

நகராட்சியில் எங்களுக்கு 20 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பட்டியல் வேண்டாம், ஒரே ஒரு கோரிக்கையோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இங்கேதான் எங்களுக்குள் சண்டை. பாதிப் பேர் பெரிய சாலையில் சைக்கிள் பாதை கேட்போம் என்கிறார்கள், அதுதான் நடக்கக்கூடியது, யாரும் பெரிதாக எதிர்க்க மாட்டார்கள் என்று. மீதிப் பேர், நானும் இதில்தான், அந்தப் பள்ளித் தெருவில் கார் வராமல் செய்யச் சொல்வோம் என்கிறோம்.

ஆனால் இதை வெளியில் பேசிப் பார்த்தபோது கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. வியாபாரம் படுத்துவிடாதா? ஆம்புலன்ஸ் எப்படி வரும்? நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அந்தக் கார்கள் எல்லாம் அடுத்த தெருவுக்குப் போகாதா, அங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் பிள்ளைகள் இல்லையா? கடைசிக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாவது கியர்:

நான் சாலை வடிவமைப்பில் பல வருடம் வேலை பார்த்தவன், இப்போதும் தினமும் சைக்கிள்தான். என் பதில்: பள்ளித் தெருவைக் கேளுங்கள். ஆனால் "கார் வரக்கூடாது" என்று கேட்காதீர்கள். "குறுக்குவழியாகப் போகும் கார் வரக்கூடாது" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

உங்கள் தெருவில் காலையில் வரும் கார்களை இரண்டாகப் பிரியுங்கள். அந்தத் தெருவில் வீடு இருப்பவர், கடைக்குச் சரக்கு இறக்குபவர், நோயாளியைக் கூட்டிப் போக வந்தவர், இவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தத் தெருவில் எந்த வேலையும் கிடையாது, ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறினால் இரண்டு நிமிடம் மிச்சம், அவ்வளவுதான். தெருவின் நடுவில் ஓரிடத்தில் தடுப்புக் கம்பங்கள் நட்டுவிட்டால் முதல் வகையினர் இந்தப் பக்கமிருந்தோ அந்தப் பக்கமிருந்தோ உள்ளே வந்து, வந்த வழியே திரும்பிப் போகலாம். இரண்டாம் வகையினருக்கு அந்தத் தெருவால் பயன் இல்லை, வர மாட்டார்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் கம்பங்களுக்கு நடுவில் புகுந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

நெதர்லாந்தில் க்ரோனிங்கன் நகரம் 1977-ல் இதை ஊர் அளவில் செய்தது. நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் நேராகப் போக முடியாது, வெளியே சுற்றுச்சாலைக்குப் போய்த்தான் உள்ளே வர வேண்டும். சைக்கிளில் நேராகப் போகலாம். எந்தக் காரையும் தடை செய்யவில்லை, எந்த வீட்டுக்கும் காரில் போகலாம். ஆனால் பக்கத்தில் போவதற்குச் சைக்கிள்தான் வேகம் என்று ஆனதும் ஆட்கள் தாங்களாகவே மாறினார்கள். அன்றைக்கு வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் ஏறக்குறைய இதே திட்டத்தை 2017 ஏப்ரலில் கொண்டுவந்தது.

இப்போது உங்கள் தோழர்கள் சொல்லும் பெரிய சாலைப் பாதை. அது தேவையில்லை என்று சொல்ல மாட்டேன், கட்டாயம் தேவை. ஆனால் "சைக்கிள் பாதை" என்று மட்டும் கேட்டால் தரையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அடுத்த வாரமே அதன்மேல் கார்கள் நிற்கும். வண்ணப்பூச்சு எந்தக் காரையும் தடுக்காது. கார்கள் வேகமாகப் போகும் சாலையில் தடுப்பு வைத்துப் பிரித்த பாதைதான் வேண்டும், குறிப்பாகச் சந்திப்புகளில், ஏனென்றால் ஆபத்தில் பெரும்பங்கு அங்கேதான். அதற்குப் பணமும் வருடங்களும் ஆகும். குறுகலான தெருவுக்குத் தனிப்பாதையே வேண்டாம், இடமும் இருக்காது. அங்கே குறுக்குவழி கார்களை எடுத்துவிட்டு, மிச்சம் உள்ளவை மெதுவாகப் போகும்படி செய்தால் தெரு முழுக்கவே சைக்கிள் பாதைதான்.

வேகத்தைப் பற்றி ஒன்று. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் காருக்கும் 50-ல் வரும் காருக்கும் வித்தியாசம் 20 தான் என்று நினைக்கிறோம். ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் 50-ல் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. ஓட்டுபவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள் வண்டி ஓடிவிடும் தூரம் தனி.

கடை வாசல்:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன், கடைக்காரன். எங்கள் தெருவை வாகனம் இல்லாத தெருவாக மாற்றப் போகிறோம் என்று வந்தபோது முதல் ஆளாக எதிர்த்துக் கையெழுத்து போட்டவன் நான். அன்றைக்கு என்ன பயந்தேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

கடைக்கு வெளியே எப்போதும் மூன்று கார் நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து, வாடிக்கையாளர் என்றால் காரில் வருபவர் என்று மனதில் பதிந்துவிட்டது. நடந்து வருபவர் கண்ணில் பதிவதில்லை, வருகிறார், வாங்குகிறார், போகிறார். பிரிட்டனில் பிரிஸ்டலில் ஒரு கடைத்தெருவில் 2006-ல் ஆய்வு செய்தபோது, தங்கள் வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். வாடிக்கையாளர்களிடமே கேட்டபோது 22 சதவீதம்தான். இதைப் படித்துவிட்டு நானும் கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, எப்படி வந்தீர்கள் என்று இரண்டு வாரம் எல்லோரிடமும் கேட்டு எழுதினேன். என் கணிப்பும் இப்படித்தான் தவறியிருந்தது. வெளியே நின்ற மூன்று காரில் ஒன்று என்னுடையது, இன்னொன்று பக்கத்துக் கடைக்காரருடையது, காலையில் நிறுத்தினால் இரவு வரை எடுக்க மாட்டோம்.

கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயட் என்ற கடைவீதியை 1962-ல் சோதனையாகக் கார்களுக்கு மூடியபோதும் வியாபாரம் அழிந்துவிடும் என்றுதான் சொன்னார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான தெரு அது. இன்றைக்கு அந்த ஊரின் முதன்மையான கடைவீதி அதுதான்.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்கிறேன், பயப்படும் கடைக்காரரை மூடர் என்று நினைத்துப் பேசாதீர்கள். என்னிடம் வந்தவர்கள் பதாகையோடு வந்தார்கள், பூமி சூடாவதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு வாடகை கட்ட வேண்டும். சரக்கு வண்டி எத்தனை மணிக்கு வரலாம், பளுவான பெட்டியை வாசல் வரை கொண்டுவர முடியுமா, கட்டடவேலை எத்தனை நாள், இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஆள் இல்லை. எங்கள் தெருவில் கடைசியில் காலை 10 மணி வரை சரக்கு வண்டிக்கு அனுமதி என்று முடிவானதும் பாதி எதிர்ப்பு அப்படியே கரைந்தது. நீங்கள் நகராட்சிக்குப் போவதற்கு முன்னால் கடை கடையாக ஏறி இறங்குங்கள். பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். ஒரே ஒரு கடைக்காரர் உங்களோடு நகராட்சிக்கு வந்து உட்கார்ந்தால்கூட அந்த 20 நிமிடத்தின் போக்கே மாறிவிடும்.

எல்லாக் கடைக்கும் லாபம் என்று சத்தியம் பண்ணிவிடாதீர்கள். எங்கள் தெருவில் கட்டில், பீரோ விற்ற ஒருவர் இடம் மாற்றிக்கொண்டு போனார். அவருடைய வியாபாரத்துக்கு வண்டி வாசலில் நின்றே ஆக வேண்டும்.

உருளும் நாற்காலி:

"நடக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்" என்ற கேள்வி. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்களை நினைத்துக் கேட்பதில்லை, தங்கள் காரை நினைத்துக் கேட்கிறார்கள். நான் 9 வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், என்னிடம் நேராக யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

எனக்கு நடைபாதையை அடைப்பது கார்கள். நடைபாதையில் பாதி ஏறி நிற்கும் கார், அதனால் நான் சாலையில் இறங்க வேண்டும், இறங்கினால் பின்னால் ஹாரன். கார் இல்லாத சமமான தெருவைப் போல எனக்கு விடுதலை வேறில்லை. நாற்காலியின் முன்னால் பொருத்திக் கையால் சுழற்றும் பெடல் வாங்கியிருக்கிறேன், சைக்கிள்காரர்களோடு சைக்கிளாகவே போகிறேன். நடக்கச் சிரமப்படுபவர்களில் எத்தனையோ பேருக்கு மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவது நடப்பதைவிடச் சுலபம். அவர்களைச் சாலையில் பார்க்க முடியாததற்குக் காரணம் உடம்பு இல்லை, சாலைதான்.

அதே நேரம் என்னைப் போன்ற சிலருக்குக் காரில் வாசல் வரை போய் இறங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த வழி மூடப்பட்டால் அவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்துவிடுவார்கள். ஆகவே உங்கள் கோரிக்கையில் முதல் வரியிலேயே எழுதுங்கள், மாற்றுத்திறனாளிகளை ஏற்றி வரும் வண்டிக்கு எப்போதும் அனுமதி என்று. கடைசியில் சேர்க்கும் பின்குறிப்பாக வேண்டாம்.

இன்னும் மூன்று விஷயம், எல்லாம் சைக்கிள்காரர்களிடம் கேட்பது. நடைபாதைச் சரிவில் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தாதீர்கள், அது எனக்குப் பூட்டிய கதவு. மோட்டார் பைக் நுழையக் கூடாது என்று வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்பு வைப்பார்கள், அதில் என் நாற்காலியும் மாட்டும், சரக்கு சைக்கிளும் மாட்டும், அதற்கு ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம், பார்வை இல்லாதவர்களுக்குச் சைக்கிள் வருவது காதில் விழாது. நடப்பவர்கள் இடமும் ஓட்டுபவர்கள் இடமும் தரையிலேயே, கைத்தடிக்குத் தெரியும்படி, ஒரு விளிம்பால் பிரிந்திருக்க வேண்டும். கார் போன இடத்தில் சைக்கிள் வேகமாக வந்து முதியவரைப் பயமுறுத்தினால் அவர் நாளைக்குக் கார் திரும்பி வரட்டும் என்றுதான் சொல்வார், அதில் அவர் மேல் எனக்குக் கோபம் வராது.

பின்கேரியர்:

உருளும் நாற்காலி, மிக்க நன்றி. முதல் வரியில் எழுதுவது என்று எங்கள் ஆட்களோடு பேசி இப்போதே முடிவு செய்துவிட்டோம். கடை வாசல் அண்ணா, நீங்கள் சொன்ன நோட்டு விஷயத்தை நாளையிலிருந்து இரண்டு கடைகளில் செய்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஆனால் அடுத்த தெரு கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கள் தெருவிலிருந்து துரத்திய கார்கள் எங்கே போகும்?

மூன்றாவது கியர்:

நியாயமான கேள்வி, இதற்கு ஒரு பாதி நல்ல செய்தி, ஒரு பாதி எச்சரிக்கை.

வாகனங்களைத் தண்ணீர் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், இங்கே அடைத்தால் அங்கே அதே அளவு வெளியே வரும் என்று. அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பவர்கள் முடிவு எடுக்கிற மனிதர்கள். வழி சுற்றாகிவிட்டால் ஒருவர் நேரத்தை மாற்றுகிறார், ஒருவர் இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறார், ஒருவர் பக்கத்துக் கடைக்கு நடக்கிறார், ஒருவர் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பத் துணிகிறார். சாலையின் கொள்ளளவைக் குறைத்த இடங்களைப் பற்றி பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 11 நாடுகளிலிருந்து 70-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்டார்கள். மாற்றப்பட்ட சாலையில் முன்பு ஓடிய வாகன எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், அந்த இடங்களில் பாதியில் 11 சதவீதத்துக்கும் மேல் வாகனங்கள் சுற்றுவட்டாரத்திலேயே காணாமல் போயிருந்தன. பக்கத்துச் சாலைகளையும் சேர்த்து எண்ணிய பிறகு வந்த கணக்கு இது. புதுச் சாலை போட்டால் புது வாகனங்கள் வந்து நிரப்புகின்றன என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இது அதன் மறுபக்கம்.

எச்சரிக்கை: 11 சதவீதம் மறைந்தால் மீதி எங்கேயோ போகிறது என்றுதானே அர்த்தம். ஒரே ஒரு தெருவை மட்டும் மூடி, அதற்கு இணையான அடுத்த குறுகிய தெருவைத் திறந்து விட்டால் உங்களைக் கேள்வி கேட்டவர் சொன்னது நடக்கும். ஆகவே தெருவாகக் கேட்காதீர்கள், வட்டாரமாகக் கேளுங்கள். உங்கள் பள்ளியைச் சுற்றி உள்ள பெரிய சாலைகளை எல்லையாக வைத்து, அதற்கு உள்ளே இருக்கும் எந்தத் தெருவும் குறுக்குவழியாகாதபடி இரண்டு மூன்று இடத்தில் கம்பம். பார்சிலோனாவில் ஒன்பது கட்டடத் தொகுதிகளை ஒரே பெருந்தொகுதியாக்கிச் செய்வது இதுதான், அங்கே போப்ளெனௌ பகுதியில் 2016-ல் வந்தது. அந்த அடுத்த தெருக்காரர்களை எதிராளியாகப் பார்க்காமல் இன்றைக்கே போய்ப் பேசி உங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸுக்கு: நடுவில் இருக்கும் கம்பத்தைப் பூட்டுப் போட்டதாக வைத்து, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் சாவி கொடுப்பது வழக்கம். சில இடங்களில் கம்பத்துக்குப் பதில், அனுமதி இல்லாத வண்டியைப் படம்பிடித்து அபராதம் போடும் கேமரா. லண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் பகுதியில் இப்படிப் பல வட்டாரங்களை மாற்றிய பின் தீயணைப்பு வண்டிகள் வந்து சேரும் நேரத்தை ஆராய்ந்தார்கள், தாமதம் கூடவில்லை. ஆனால் கம்பம் எங்கே என்று தீர்மானிக்கும் முன்பே அவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நட்ட பிறகு கேட்பது தவறு.

ஞாயிறு காலை:

நான் வேறு கோணத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நிரந்தரமாகக் கேட்பதற்கு முன் பழக்கமாக்குங்கள்.

கொலம்பியாவின் போகோட்டாவில் 1974 டிசம்பரில் சைக்கிள்காரர்கள் சேர்ந்து இரண்டு முக்கியச் சாலைகளைச் சில மணி நேரம் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிக்லோவியா. இன்றைக்கு ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை, 100 கிலோமீட்டருக்கு மேல் சாலைகள் கார்களிடமிருந்து விடுபடுகின்றன. ஓடுகிறார்கள், ஓட்டுகிறார்கள், ஸ்கேட்டிங் போகிறார்கள், பிள்ளைகள் பெரிய சாலையின் நடுவில் சைக்கிள் பழகுகிறார்கள். அதன் பலம் முறை தவறாமல் நடப்பதில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இருக்குமா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு நாள், செப்டம்பர் 22-ல் கார் இல்லா நாள் என்று கொண்டாடிவிட்டு மறந்துபோகும் ஊர்களில் இது நடப்பதில்லை. நான் அப்படி ஒரு நாள் கொண்டாட்டத்தை நான்கு வருடம் நடத்தியிருக்கிறேன், மறுநாள் காலையில் தெரு அப்படியே பழையபடி இருக்கும், எனக்கு அழுகை வரும். மாதம் ஒரு முறை என்று மாற்றிய பிறகுதான் அக்கம்பக்கத்தார் எங்களைக் கேட்கத் தொடங்கினார்கள், ஏன் மற்ற நாள் இல்லை என்று.

உங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது, ஏனென்றால் பள்ளி இருக்கிறது. பள்ளி திறக்கும் நேரம் அரை மணி, விடும் நேரம் அரை மணி, அதில் மட்டும் அந்தத் தெருவில் கார் இல்லை. இத்தாலியில் போல்சானோ நகரம் 1989-லேயே இதைத் தொடங்கியது, இப்போது ஐரோப்பா முழுக்க இருக்கிறது. பாரிஸில் 200-க்கும் மேல் பள்ளித் தெருக்களை மாற்றியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் இன்னும் 500 தெருக்களை மரங்களோடு நடப்பவர்களுக்குக் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது வாக்களித்தவர்களில் 66 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் நகரத்தின் வாக்காளர்களில் 4 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எதிர்ப்பவர்கள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

நெதர்லாந்து பிறக்கும்போதே சைக்கிள் நாடு, நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். 1971-ல் அங்கே சாலை விபத்துகளில் ஏறக்குறைய 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைக் கொலையை நிறுத்து என்ற பெயரிலேயே பெற்றோர்கள் இயக்கம் தொடங்கினார்கள். தெருவில் படுத்தார்கள், தெருவை மறித்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியால் அரசு கார் இல்லா ஞாயிறு அறிவித்தபோது நெடுஞ்சாலையில் மக்கள் சைக்கிள் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று அங்கே நாம் பார்க்கும் சிவப்பு நிறச் சைக்கிள் பாதைகள் கேட்டு வாங்கியவை. கேட்டவர்களும் உங்களைப் போல ஒரு பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனவர்கள்தான்.

பின்கேரியர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மூன்று மணி நேரம் பேசினோம். கோரிக்கை இப்படி வந்திருக்கிறது: மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கும் அவசர வண்டிக்கும் எப்போதும் அனுமதியோடு, பள்ளி நாட்களில் காலையும் மாலையும் அரை மணி நேரம் பள்ளித் தெருவில் கார் இல்லை, ஆறு மாதச் சோதனை. அந்த ஆறு மாதமும் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் வாகனங்களை நாங்களே எண்ணிக் கொடுப்போம். எண்ணிக்கை கையில் வந்த பிறகு வட்டாரம் முழுக்கக் கம்பம் நடுவது பற்றிப் பேச இன்னொரு சந்திப்பு. பெரிய சாலைப் பாதை கேட்டவர்களுக்கும் வருத்தம் இல்லை, அடுத்த சந்திப்பில் அது முதலில் என்று எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த தெருவிலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் அதே பள்ளிதான்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். கம்பங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி கேட்க வேண்டும்? அடுத்த சந்திப்புக்கான வரைபடத்தில் இப்போதே குறித்து வைக்கலாம் என்கிறார்கள் எங்கள் ஆட்கள்.

மூன்றாவது கியர்:

ஒன்றரை மீட்டர். சக்கர நாற்காலியும் மூன்று சக்கர சைக்கிளும் சரக்கு சைக்கிளும் போகும், கார் போகாது. அந்த அளவை வரைபடத்தில் எண்ணாகவே எழுதுங்கள், "போதிய இடைவெளி" என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் அவர் இஷ்டத்துக்கு நடுவார். கம்பத்தில் இரவில் ஒளிரும் பட்டையும் கேளுங்கள்.

உருளும் நாற்காலி:

கம்பங்களுக்கு நடுவில் தரையில் மேடு எதுவும் கூடாது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சந்திப்பு எப்படிப் போனது என்று வந்து சொல்லுங்கள்.